வளைந்து மீளும் வலிமை

சென்ற ஆண்டின் இறுதியில் ஒரு மாலைப் பொழுது. பாடசாலை விட்டு மாணவர் யாவரும் சென்ற பின், பதிவேடுகளை மூடி வைத்துக் கந்தோர்க் கதவைச் சாத்தப் புறப்பட்டேன். அவ்வேளை என் பழைய மாணாக்கர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். அவருடைய வலக்கையில் கட்டுப் போட்டிருந்தது. இடக்கையில் சாக்கிற் சுற்றிய பொருளொன்றை ஏந்தியிருந்தார். மேசைமீது அதனை அவிழ்த்து வைத்தபோது, இரண்டாக முறிந்த ஓர் உலோகத் தண்டு வெளிப்பட்டது.

"சேர், அலுமினியம் என்றார்கள், பாரம் குறையும், பலமும் கூடும் என்றார்கள். நம்பி வாங்கினேன். குன்றில் ஏறும்போது முறிந்து, வண்டி பின்னால் உருண்டது. கூட இருந்த தம்பிக்கு ஒன்றும் நேராதது தெய்வாதீனம்," என்றார் அவர்.

நான் கலைப்பட்டதாரி. வரலாறு கற்பிப்பவன். இயந்திரங்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அதையே அவரிடமும் சொன்னேன். அதற்கு அவர், "நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள், எந்தப் பொருளுக்கும் ஒரு வரலாறு உண்டென்று? இந்த உலோகத்தின் வரலாற்றைச் சொல்லுங்கள்," என்று மடக்கினார். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் பல நாட்கள் படித்தேன். பட்டறைகளுக்குச் சென்று கேட்டும் அறிந்தேன். தேடிச் சென்ற வழி, யான் எதிர்பாராத வகையில், நமது திருகோணமலைத் துறைமுகத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

முதலில் அந்த வண்டி எத்தகையது என்று கூறவேண்டும். பாதையில்லாத இடத்தில், பாறைக்குமேற் பாறையாகக் கிடக்கும் குன்றுச் சரிவில், மனிதன் நடக்கும் வேகத்தினுங் குறைந்த வேகத்தில் ஊர்ந்து ஏறுவதற்கென அமைத்த மோட்டார் வண்டி அது. ஒரு சில்லு இடுப்பளவு உயர்ந்த கல்லின்மேல் நிற்கும். மறு சில்லு பள்ளத்திற் கிடக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ரூபிக்கன் பாதை என்னும் கற்பாதை இவ்வகை ஓட்டத்துக்குப் பேர்போனது. 1953 ஆம் ஆண்டிலேயே ஜீப் வண்டிக்காரர் அணியணியாக அதன் வழியே பயணஞ் செய்யத் தொடங்கிவிட்டனர். இன்று நம் நாட்டு இளைஞர் சிலரும், பழைய ஜீப்பையும் லான்ட் றோவரையும் பிரித்து, தம் கைப்படவே இத்தகைய வண்டிகளை அமைக்கின்றனர்.

இவ்வண்டிகளில் அச்சினையும் வண்டியின் அடிச்சட்டத்தையும் தொடுத்து நிற்கும் தண்டுகளை மெக்கானிக்குகள் 'லிங்க்' என்பர். நாம் இணைதண்டு எனலாம். பழைய வண்டிகளில் இத்தண்டுக்கு வேலையில்லை. அங்கே தகடு தகடாக அடுக்கிய வில், பாரத்தைத் தாங்குவதோடு அச்சு முன்னும் பின்னும் ஓடிவிடாமலும் பிடித்துக்கொள்ளும். சுருள்வில் வந்தபின் நிலைமை மாறிற்று. சுருள்வில்லுக்குப் பாரந் தாங்கத் தெரியும். அச்சை இடத்தில் நிறுத்தத் தெரியாது. ஆகவே அதனை நிறுத்தத் தனித் தண்டுகள் வேண்டியதாயின. 1970 ஆம் ஆண்டில் வெளிவந்த றேஞ்ச் றோவரும், 1983 ஆம் ஆண்டில் வந்த புதிய லான்ட் றோவரும் இம்முறையை மேற்கொண்டன. பாறையில் ஊரும் வண்டியில் ஓர் அச்சுக்குப் பெரும்பாலும் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு இணைதண்டுகள் இருக்கும். கீழ்த்தண்டுகளே பெரும்பாரம் சுமப்பவை. அதுமட்டுமன்று, வண்டி கல்லிற் சறுக்கி அமரும்போது வண்டியின் எடையில் ஒரு பெரும்பங்கு சில கணம் அத்தண்டின் நடுவிலேயே வந்து தங்கக்கூடும். என் மாணாக்கரின் வண்டியில் முறிந்தது அத்தகைய கீழ்த்தண்டு ஒன்றே.

தண்டை எதனாற் செய்வது? இக்கேள்வி புதியது போலத் தோன்றும். கரடுமுரடான வழியிற் செல்லும் வண்டிக்கு உறுப்பு எதனாற் செய்வது என்று நம் முன்னோர் பன்னெடுங்காலம் எண்ணிப் பார்த்து, விடையுங் கண்டிருந்தனர்.

திருகோணமலைக் காடுகளிற் சாவண்டலை என்றொரு மரம் உண்டு. சிங்களத்தில் அதனை ஹல்மில்ல என்பர். ஆங்கில மர வியாபாரிகள் அதற்கு இட்ட பெயரோ திருகோணமலை மரம் என்பதே. நம் துறைமுகத்தின் பெயரைத் தன் பெயராகக் கொண்டு உலகறிந்த மரம் அது. இக்காட்டிலே முதிரை உண்டு. அது அழகிய தளவாடங்களுக்கு உகந்தது. பாலை உண்டு, அது பெரும் பாரந் தாங்கும் விட்டங்களுக்கு உகந்தது. கருங்காலியோ கடினத்துக்கே பெயர் பெற்றது. எனினும் வண்டி செய்யும் தச்சன் நாடியது சாவண்டலையை. சாராயப் பீப்பாய் செய்வோனும், தோணி கட்டுவோனும் அதனையே நாடினர். ஏன்? அது கடினத்தில் முதலாவது மரமன்று. அடி பட்டால் வளைந்து கொடுக்கும். அடி நீங்கினால் பழைய நிலைக்கு மீளும். அதுவே அதன் சிறப்பு.

இம்மரம் கடல் கடந்து சென்னைக்கும் ஏற்றுமதியாயிற்று. அங்கே துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பல்கள் கரைக்கு வர இயலாது தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. கொந்தளிக்கும் அலைகளைத் தாண்டிப் பண்டங்களையும் பயணிகளையும் கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். அப்படகுகளில் இரும்பாணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் சேர்த்திருந்தனர். ஆணி அறைந்த ஐரோப்பியப் படகு அலையின் அறைதலில் நொறுங்கும். தைத்த படகோ நெளிந்து, வளைந்து, மீண்டு கரையேறும். அப்படகுகள் கட்டவும் திருகோணமலை மரம் பயன்பட்டதென அக்கால மர நூல்கள் கூறுகின்றன. எதிர்த்து நிற்பது ஒரு வலிமை. வளைந்து மீள்வது மற்றொரு வலிமை. இவ்விரண்டையும் பகுத்தறிந்தவன் அந்தத் தச்சன்.

இனி அலுமினியத்துக்கு வருவோம். நம் வீட்டு அடுக்களையில் இன்று சாதாரணமாகப் புழங்கும் இவ்வுலோகம், 1825 ஆம் ஆண்டு வரை எவர் கண்ணிலும் தனித்துப் பட்டதில்லை. அவ்வாண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் ஓர்ஸ்டெட் அதனைப் பிரித்தெடுத்தார். நெடுங்காலம் அது விலையுயர்ந்த பொருளாகவே இருந்தது. 1884 ஆம் ஆண்டில் வாசிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் அலுமினியத்தாற் செய்த சிறு முடியொன்றை வைத்து அமெரிக்கர் பெருமை கொண்டனர். இரண்டே ஆண்டுகளில், 1886 இல், அமெரிக்காவில் ஹோல் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தின் துணைகொண்டு அதனை மலிவாகப் பெறும் வழியைக் கண்டனர். அரும்பொருள் பெரும்பொருளாயிற்று.

ஆனால் தூய அலுமினியம் மெதுவானது, சட்டியாகலாமேயன்றிச் சட்டமாகாது. 1906 ஆம் ஆண்டில் ஜெர்மானியரான அல்பிரட் வில்ம், சிறிது செம்பும் மகனீசியமும் சேர்த்த அலுமினியத்தைச் சூடாக்கி, நீரிற் குளிர்வித்து, வைத்திருந்து பார்த்தார். சில நாள் சென்றபின் அது தானாகவே முன்னிலும் உறுதிபெற்றிருந்தது. டியூரலுமின் எனப் பெயர் பெற்ற இவ்வுலோகமே ஆகாய விமானத்துக்கு எலும்பும் தோலுமாயிற்று. இரும்புக்குச் சூடும் குளிரும் பதம் தரும் என்பது நம் கொல்லர் அறிந்தது. இவ்வுலோகத்துக்கோ சூடும் குளிரும் போதா, காலமும் வேண்டும். வரலாறு கற்பிக்கும் எனக்கு அச்செய்தி மிகவும் பிடித்திருந்தது.

செம்புக்குப் பதிலாக நாகத்தை மிகுதியாகச் சேர்த்தால் உறுதி இன்னும் ஓங்கும் என்பதைப் பலர் கண்டிருந்தனர். ஆயினும் அவ்வகை உலோகம் பாரத்தின்கீழ் இருக்கையில், சிறிது ஈரம் பட்டாலும், நாளடைவில் தானாகவே வெடிக்கும் தீக்குணம் உடையதாய் இருந்தது. யப்பானில் சுமித்தோமோ நிறுவனத்தைச் சேர்ந்த இகராஷி இசாமு என்பவர், மிகச் சிறிதளவு குரோமியமும் மங்கனீசும் சேர்த்து அக்குணத்தைக் கட்டுப்படுத்தி, 1936 ஆம் ஆண்டில் புதியதொரு கலப்புலோகத்தை ஆக்கினார். மிற்சுபிசி நிறுவனத்தின் விமான வடிவமைப்பாளர் ஹொரிகோஷி ஜிரோ அதனைக் கேள்வியுற்றார். பாரத்தைத் துளித்துளியாகக் குறைக்க முயன்றுகொண்டிருந்த அவர், தமது புதிய போர் விமானத்தின் இறக்கைத் தண்டுக்கு அதனைத் தேர்ந்தார். 1939 ஏப்பிரலில் முதன்முதற் பறந்த அவ்விமானமே சீரோ.

நேயர்களே, 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9 ஆந் திகதி. அந்தக் காலையை நம் ஊரின் மூத்தோர் மறந்ததில்லை. நகுமோ தளபதியின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடா விமானத் தளத்திலும் துறைமுகத்திலும் குண்டுகள் வீழ்ந்தன. சகாயிங் என்னும் வர்த்தகக் கப்பல் தீப்பற்றி எரிந்தது. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. ஊர்மக்கள் பலர் கையிலகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடினர்.

அன்று நம் தலைக்குமேல் மோதிக்கொண்டவை இரு நாட்டுப் படைகள் என்பதே நாம் அறிந்தது. பொருளைத் தேர்ந்தெடுப்பதில் இருவேறு கொள்கைகளும் அன்று மோதின. குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக வந்த சீரோ, வெறும் நிலையில் ஏறத்தாழ 3,700 இறாத்தல் நிறையுடையது. சீனன்குடாவிலிருந்து எதிர்த்தெழுந்த பிரித்தானிய விமானப்படையின் 261 ஆம் அணியினரது ஹரிக்கேனோ 5,000 இறாத்தலுக்கு மேற்பட்டது. சீரோ, புத்தம் புதிய கலப்புலோகத்தால் இலேசாக்கப்பட்டுக் குருவிபோலத் திரும்பியது. ஹரிக்கேனின் உடலுக்குள்ளே உருக்குக் குழாய்ச் சட்டம். பின்னுடல்மேல் துணி போர்த்தியிருந்தது. திரும்புவதிலும் மேலேறுவதிலும் அது சீரோவுக்கு ஈடாகவில்லை. ஆனால் குண்டு துளைத்தால் துணி கிழியும், சட்டம் நிற்கும். வளைந்த குழாயை மாற்றிப் பூட்டி மறுநாளே பறக்கவிடலாம். சீரோவிலோ விமானிக்குக் கவசம் இல்லை. தானாக ஓட்டை அடைத்துக்கொள்ளும் எண்ணெய்த் தாங்கியும் இல்லை. இலேசு என்ற ஒன்றுக்காக அவர்கள் கொடுத்த விலை அது. யுத்தம் நீண்டபோது அந்த விலையை யப்பானிய விமானிகள் தம் உயிராற் செலுத்தினர்.

1943 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனமும், நாகமும் மகனீசியமும் செம்பும் சேர்ந்த, அதே குலத்தைச் சேர்ந்த கலப்புலோகம் ஒன்றை வெளியிட்டது. அதற்கே பின்னர் 7075 என்னும் இலக்கம் வழங்கலாயிற்று. யுத்தம் முடிந்தது. வாளை அடித்துக் கொழுவாக்குவதுபோல, வானத்து உலோகமும் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கிற்று. இன்று பாறையில் ஊரும் வண்டிக்கு இணைதண்டு தேடுவோர் நாடும் அலுமினியம் இந்த 7075 தான். சீனன்குடாவின்மேற் பறந்த இறக்கைத் தண்டுக்கும், என் மேசைமேற் கிடக்க வேண்டியிருந்த தண்டுக்கும் உறவு அண்ணன் தம்பி உறவு என்பதை அறிந்தபோது யான் வியந்து நின்றேன்.

தரைக்கு வந்த அலுமினியத்தின் வேறொரு கிளையையும் சொல்லவேண்டும். யுத்தத்துக்குப் பின் பிரித்தானியாவில் உருக்குக்குப் பங்கீடு இருந்தது. ஆகவே 1948 ஏப்பிரலில் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் வெளிவந்த லான்ட் றோவருக்கு, மகனீசியஞ் சேர்ந்த அலுமினியத் தகட்டால் உடல் அமைத்தனர். ஆனால் பாரந் தாங்கும் அடிச்சட்டத்தை உருக்கினாலேயே செய்தனர், வில்லும் உருக்கே. எங்கே அலுமினியம், எங்கே உருக்கு என்று அவர்கள் இடமறிந்து வகுத்தனர். நம் நாட்டின் காட்டுப் பாதைகளில் நெடுங்காலம் ஓடிய அவ்வண்டிகளைப் பாருங்கள். துருப்பிடித்து விழுவது பெரும்பாலும் சட்டமே, உடல் நிற்கின்றது. ஆனால் அலுமினியத் தகடும் உருக்கு ஆணியும் தொடும் இடத்தில் மட்டும் வெண்பொடி பூத்து, தகடு அரித்திருக்கும். அந்த வெண்பொடியை நினைவில் வைத்திருங்கள். பின்னர் அதற்கு வருவேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் நேயர்கள் அஞ்ச வேண்டா. கடைக்காரன் கணக்கை விட இது எளிது.

ஒரு பொருளை வளைத்தால், ஓர் எல்லை வரை அது மீளும். எல்லை கடந்தால் வளைந்தபடியே நிற்கும், அல்லது முறியும். முருங்கைக் கொம்பு முறியும், ஈயக்கம்பி வளைந்தபடி நிற்கும், பிரம்பு மீளும். அந்த எல்லை எவ்வளவு என்பதே கேள்வி. சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று அதனை அளப்பர். சாதாரண மிருதுவான உருக்குக்கு அது 36,000 அளவு. இணைதண்டுக்கெனப் பலர் வாங்கும், அச்சுக்குள் இழுத்தெடுத்த நல்ல உருக்குக் குழாய்க்கு 70,000 அளவு. அலுமினியத்தில் 6061 என்னும் வகைக்கு 40,000. 7075 என்னும் வகைக்கு 73,000. பின்னிரண்டும் முறைப்படி சூடாக்கிப் பதப்படுத்திய நிலையில் உள்ள அளவுகள். அலுமினியம் என்ற ஒரே பெயருக்குள் எத்துணை வேற்றுமை! தூய அலுமினியத்தையும், வார்த்தெடுத்த பழைய அலுமினியத்தையும் இதிற் சேர்க்கவே வேண்டா.

இனி 3 அடி நீளமுள்ள இரு தண்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டுக்கும் குறுக்களவு 2 அங்குலம். ஒன்று கால் அங்குலத் தடிப்புள்ள உருக்குக் குழாய். மற்றது உள்ளீடு நிறைந்த 7075 அலுமினியத் தண்டு. உருக்குக் குழாயின் நிறை 14 இறாத்தல். அலுமினியத் தண்டின் நிறை 11½ இறாத்தல். வேறுபாடு இரண்டரை இறாத்தலே! ஓர் அச்சின் கீழ்த்தண்டு இரண்டுக்கும் சேர்த்து ஐந்து இறாத்தல். பல ஆயிரம் இறாத்தல் நிறையுள்ள வண்டிக்கு அது ஒரு பொருட்டா? ஆகவே, "பாரம் குறையும்" என்று சொல்லி அலுமினியம் விற்பவன், உண்மையின் சிறிய பாதியையே சொல்கின்றான்.

பெரிய பாதி வேறு. அலுமினியத் தண்டு, மீளாமல் வளையத் தொடங்குமுன், உருக்குக் குழாயைப்போல் ஒன்றரை மடங்கு வளைவு விசையைத் தாங்கும். அதே விசைக்கு உருக்கை விட ஏறத்தாழ இரு மடங்கு வளைந்து கொடுக்கும். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், உருக்குக் குழாய் வளைந்து மீளும் தூரத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு தூரம் அது வளைந்து மீளும். அதாவது, வண்டி கல்லின்மேல் அமர்ந்தால் தண்டு வில்லைப்போல் வளையும். கல்லைக் கடந்தால் நிமிரும். உருக்குக் குழாயோ கூன் விழுந்து நிற்கும். அச்சும் ஒரு பக்கம் சாயும். 6061 தண்டை அதே அளவிற் செய்தால், நல்ல உருக்குக் குழாயின் வலிமையிலும் ஆறில் ஒரு பங்கு குறைவு. இலக்கம் கேளாமல் வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுசெல்வது எதனை என்று அவருக்கே தெரியாது.

ஆக, சாவண்டலையைத் தேர்ந்த தச்சன் சொன்ன நியாயமே இங்கும் நியாயம். பாறையில் ஊரும் வண்டிக்கு 7075 அலுமினியத்தைத் தேர்வது இலேசு கருதி அன்று. அது வளைந்து மீளும் என்பது கருதியே.

ஆனால் எந்தப் பொருளும் தன் குணத்தைக் குற்றமின்றித் தருவதில்லை. 7075 ஐப் பற்றவைத்தல் ஆகாது. பற்றவைத்தால் வெடிப்பு விழும். 6061 ஐப் பற்றவைக்கலாம். ஆனால் பற்றவைத்த இடத்தைச் சூழ அதன் பதம் போய் மெதுவாகிவிடும். காலமும் சூடும் சேர்ந்து தந்த உறுதியை மீண்டும் மூட்டிய சூடு ஒரு நிமிடத்தில் அழித்துவிடுகின்றது. என் மாணாக்கரின் தண்டை உற்றுப் பார்த்தேன். அது முறிந்திருந்தது நடுவில் அன்று. முனையில், பற்றவைத்த தழும்புக்கு அருகே. இலக்கமறியாத தண்டின் முனையில் மூட்டைப் பற்றவைத்துக் கொடுத்திருக்கின்றனர். அலுமினியத் தண்டின் முனையைத் துளைத்து, உள்ளே புரி வெட்டி, மூட்டை அதில் முறுக்கிப் பூட்டுவதே முறை. அதற்குக் கடைசல் இயந்திரமும் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமையே அவர் கையை முறித்தது.

இரண்டாவது குறை, கீறல். உருக்கை விட அலுமினியம் மெதுவாதலின் கூரிய கல் அதனை எளிதிற் கீறும். பாரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அக்கீறலின் அடியில் வெடிப்புச் சிறிது சிறிதாக வளரும். உருக்கில், ஓர் அளவுக்குக் கீழ்ப்பட்ட பாரம் எத்தனை முறை வந்து போனாலும் தீங்கில்லை. அலுமினியத்துக்கு அப்படியோர் அளவு இல்லை. அது ஒவ்வொரு முறையையும் எண்ணிக்கொண்டே இருக்கும். ஆகவே ஆழ்ந்த கீறலை அரத்தால் மழுக்கி விடவும், காலத்துக்குக் காலம் தண்டை மாற்றவும் வேண்டும்.

மூன்றாவது குறை, உப்பு. கடற்காற்று வீசும் நம் ஊருக்கு இதுவே முதன்மையானது. என் பாட்டனார் யுத்த காலத்திற் சீனன்குடாவிற் கூலிவேலை செய்தவர். உள்ளங்கை அளவான ஓர் உலோகத் துண்டு அவரிடம் இருந்தது. விமானம் விழுந்த இடத்திற் பொறுக்கியது என்பார். சிறு வயதில் அதனைக் கையிலேந்தி, இறகுபோல இருக்கின்றதே என்று வியந்திருக்கின்றேன். இந்த உரைக்காக அதனைத் தேடி எடுத்தேன். பழைய ஏட்டுச் சுவடி கறையானுக்கு இரையாகி இதழ் இதழாகப் பிரிவதுபோல, அதன் ஓரமெல்லாம் ஏடேடாகப் பிரிந்து, வெண்பொடி உதிர்ந்தது. அதே வீட்டில், அதே காற்றில், என் பாட்டியார் சோறு வடித்த மெதுவான அலுமினியச் சட்டி இன்றும் பழுதின்றி இருக்கின்றது. மிகுந்த உறுதிக்காகச் சேர்த்த நாகமும் செம்புமே உப்புக் காற்றில் உட்பகையாக மாறுகின்றன. அதிலும், உருக்கு மூட்டு அலுமினியப் புரியிற் பொருந்தும் இடத்தில் உப்புநீர் புகுந்தால், இரண்டுக்குமிடையே சிறு மின்கலம் போன்ற வினை நிகழ்ந்து, அலுமினியமே கரையும். லான்ட் றோவரின் ஆணியடியில் நாம் கண்ட வெண்பொடியும் அதுவே. புரியில் உரிய பசைநெய் பூசுதல், கடற்கரைப் பக்கம் ஓடிவந்தால் நன்னீரிற் கழுவுதல், ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பார்த்தல் ஆகியவை நம் ஊரில் தவிர்க்கக்கூடாதவை.

இவற்றையெல்லாம் கேட்டபின், "அப்படியானால் உருக்கே மேல் அல்லவா, சேர்?" என்றார் என் மாணாக்கர். நான் ஹரிக்கேனை நினைவூட்டினேன். ஆளரவமற்ற காட்டில் நெடுந்தூரம் செல்பவன் உருக்குத் தண்டையே பூட்டுக. அது வளைந்தாலும் சட்டென்று முறியாது, அடித்து நிமிர்த்தலாம், வழியிற் காணும் எந்தக் கறாச்சிலும் பற்றவைத்துக்கொண்டு வீடு சேரலாம். பட்டறைக்கு அருகே, பாறைமேல் ஏறி இறங்குவதையே தொழிலாகக் கொண்ட வண்டிக்கு, கல்லில் அமரும் கீழ்த்தண்டு இரண்டுக்கும் 7075 ஐயும், கல் எட்டாத மேல்தண்டு இரண்டுக்கும் உருக்கையும் கொள்ளலாம். வள்ளுவர் தெரிந்து வினையாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஆளின் இயல்பறிந்து வேலையை ஒப்படைக்கச் சொன்னார். ஆளுக்குச் சொன்னது உலோகத்துக்கும் பொருந்துமன்றோ?

சென்ற மாதம் அவர் மீண்டும் வந்தார். கையிலே கட்டு இல்லை. புதிதாக வாங்கிய கீழ்த்தண்டு இரண்டையும் கொண்டுவந்து காட்டினார். விலை முன்னையதைப்போற் பன்மடங்காம். அதற்காகச் சில மாதம் வண்டியை நிறுத்தியே வைத்திருந்தாராம். தண்டின் பக்கத்தில் அச்சிட்டிருந்த இலக்கத்தை விரலாற் சுட்டி, "இம்முறை கேட்டு வாங்கினேன், சேர்," என்றார். நான் மேசை அறையைத் திறந்து, பாட்டனாரின் உலோகத் துண்டை எடுத்து அதன் அருகில் வைத்தேன். ஒன்று வெள்ளிபோல் ஒளிர்ந்தது. மற்றது சாம்பல்போல் உதிர்ந்தது. இரண்டையும் சிறிது நேரம் பார்த்திருந்த அவர், "கழுவாமல் விடமாட்டேன்," என்றார்.

கோணமலைப் பாறை அசையாது நிற்கின்றது. அதன் அடியில் அலை ஓயாது வளைந்து மீள்கின்றது. இவ்விரண்டு வலிமைகளையும் நாள்தோறும் கண்முன் காண்பவர் நாம். நம் இளைஞர் கையில் எடுக்கும் பொருள் மரமாயினும் உலோகமாயினும், அதன் பெயரைக் கேட்டு மயங்காது அதன் குணத்தைக் கேட்டு வாங்குவாராக. குணத்தை அறிந்தபின் அதன் குறையையும் கேட்பாராக. அவ்வாறு கேட்கும் பழக்கத்தை ஊட்டுவதற்கே பாடசாலைகள் இருக்கின்றன.